கிளாஸ்ல நிக்கறவங்களுக்கு உண்மையிலேயே எது கஷ்டம்?

கேட்டிருந்த கேள்வி இதுதான்: டீச்சர் ட்ரெய்னிங் சேரலாம்னு இருக்கேன், ஆனா வீட்ல எல்லாரும் "இந்தக் காலத்துப் பசங்கள கட்டி மேய்க்க முடியாது, போன் வந்துடுச்சு, ஏஐ வந்துடுச்சு, உனக்கு எதுக்கு இந்த வேலை"ன்னு பயமுறுத்தறாங்க, தினமும் கிளாஸுக்குள்ள போறவங்க சொல்லுங்க, நிஜமா எது கஷ்டம்?

நான் 19 வருஷமா கணக்கு எடுக்கறேன், நடுவுல ரெண்டு வருஷம் ஆள் இல்லைன்னு சயின்ஸையும் என் தலையில கட்டிட்டாங்க. அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமை இருந்தா படிங்க. போனும் கஷ்டம்தான், ஏஐயும் கஷ்டம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா அது ரெண்டுமே இல்லாத காலத்துலயும் இந்த வேலை கஷ்டமாதான் இருந்துச்சு, அதுக்குக் காரணம் வேற. எதிர்ல 40 தலை உக்காந்திருக்கு, ஒவ்வொரு தலைக்குள்ளயும் இப்ப என்ன ஓடுதுன்னு உங்களுக்குத் தெரியாது, தெரியாமலே அடுத்த வரிய போர்டுல எழுதியாகணும். அதுதான் கஷ்டம். மத்ததெல்லாம், அதாவது சத்தம், போன், நோட்டு, ரெக்கார்டு எல்லாம், இந்த ஒண்ண இன்னும் மோசமாக்கற விஷயங்கதான்.

"புரிஞ்சுதா?"ன்னு கேட்டா "புரிஞ்சுது மிஸ்"னு கோரஸா வரும் பாருங்க, அத மட்டும் நம்பவே நம்பாதீங்க. நான் முதல் மூணு வருஷம் அத நம்பித்தான் போர்ஷன ஓட்டினேன். பசங்க பொய் சொல்றாங்கன்னு அர்த்தம் இல்ல, அவங்களுக்கே புரிஞ்ச மாதிரிதான் இருக்கும். 0.45 பெருசா 0.6 பெருசான்னு கேட்டுப் பாருங்க, கிளாஸ்ல ஒரு கூட்டமே 0.45னு சொல்லும், ஏன்னா 45 வந்து 6 விட பெருசு இல்லையா, அவங்க கணக்குல அது சரிதான். 1/2ம் 1/3ம் கூட்டுடான்னா 2/5னு எழுதுவான், மேல இருக்கறத கூட்டு, கீழ இருக்கறத கூட்டு, இவ்ளோ அழகா ஒரு ரூல் இருக்கும்போது மிஸ் எதுக்கு சுத்தி வளைச்சுட்டு இருக்காங்கன்னு அவனுக்கு ஆச்சரியம். பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா பாதிய விடக் குறையுமாடான்னு கேட்டாதான் முகம் மாறும். அந்த முகம் மாறுது பாருங்க, அதுக்காகத்தான் சம்பளம்னு வச்சுக்கோங்க.

சயின்ஸ் எடுத்த வருஷம் இதே கதை. பூமிக்கு ஏன் கோடைகாலம் வருதுன்னு கேட்டா, சூரியனுக்குப் பக்கத்துல போறதாலன்னு தெளிவா பதில் சொல்வாங்க. பாடம் நடத்தி, அச்சு 23.5 டிகிரி சாஞ்சிருக்குன்னு படம் போட்டு, டெஸ்ட் வச்சா "அச்சு சாய்வு"ன்னு கரெக்டா எழுதி மார்க்கும் வாங்கிடுவாங்க. ரெண்டு மாசம் கழிச்சு சும்மா பேச்சுவாக்குல கேட்டா மறுபடி "பக்கத்துல போறதால மிஸ்". நிஜத்துல பூமி சூரியனுக்கு ரொம்பப் பக்கத்துல வர்றது ஜனவரி முதல் வாரம், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், தூரமா போறது ஜூலைல, 15.2 கோடி. ஜனவரில வட பாதி பூமி முழுக்க குளிர்காலம். இந்த ஒரு விஷயத்த முதல்லயே சொல்லி, அப்ப நீ சொன்ன காரணம் எப்படிடா சரியாகும்னு அவனையே சண்டை போட விட்டாதான் பழைய நினைப்பு கொஞ்சமாவது அசையும். நாம புதுசா ஒண்ண உள்ள வைக்கறதுக்கு முன்னாடியே உள்ள ஒண்ணு உக்காந்திருக்கு, அது என்னன்னு தெரியாம எவ்ளோ நல்லா நடத்தினாலும் அதுக்கு மேல பெயின்ட் அடிச்ச மாதிரிதான்.

சரி, உள்ள என்ன இருக்குன்னு கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியதுதானேன்னு தோணும். கேக்கறோம். ஆனா எப்படிக் கேக்கறோம்? மேரி பட் ரோன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1970கள்ல கிளாஸ் ரெக்கார்டிங்குகள உக்காந்து கேட்டு, டீச்சர் கேள்வி கேட்டுட்டு எவ்ளோ நேரம் காத்திருக்காங்கன்னு அளந்தாங்க. சராசரியா 1 செகண்ட். அவ்ளோதான். அதுக்குள்ள பதில் வரலன்னா அடுத்தவன கை காட்டிடறோம், இல்ல நாமளே பதில சொல்லிடறோம். அத 3 செகண்ட் ஆக்கினாலே பதில்கள் நீளமாச்சு, "தெரியல"ங்கற பதில் குறைஞ்சுது, எப்பவும் வாய் திறக்காத பசங்களும் பேசினாங்கன்னு கண்டுபிடிச்சாங்க. இன்னொண்ணும் சொன்னாங்க, அது எனக்கு ஊசி குத்தின மாதிரி இருந்துச்சு: நல்லா படிக்கற பசங்களுக்கு டீச்சருங்க கிட்டத்தட்ட 2 செகண்ட் காத்திருக்காங்க, தட்டுத் தடுமாறற பசங்களுக்கு 1 செகண்டுக்கும் கொஞ்சம் கம்மி. யாருக்கு நேரம் அதிகமா வேணுமோ அவங்களுக்குத்தான் கம்மி. நான் அப்படி இல்லன்னு வீராப்பா ஒரு நாள் போன்ல என் கிளாஸையே ரெக்கார்ட் பண்ணிக் கேட்டேன், அதுக்கப்புறம் ஒரு வாரம் ஸ்டாஃப் ரூம்ல யார்கிட்டயும் அதப் பத்திப் பேசல.

3 செகண்ட் சும்மா நிக்கறது எவ்ளோ கஷ்டம்னு வெளிய இருந்து பாத்தா தெரியாது. முன்னாடி நின்னு பாருங்க, அது மூணு நிமிஷம் மாதிரி இருக்கும், பின்னாடி பெஞ்சுல யாரோ குசுகுசுன்னு ஆரம்பிப்பாங்க, மணி ஓடுது, போர்ஷன் பாக்கி இருக்கு, கை தன்னால சாக்பீஸத் தேடும்.

இதுல ஒரே கிளாஸ்ல இருக்கறவங்க எல்லாரும் ஒரே இடத்துல இருந்தாலாவது பரவால்ல. ஏழாம் கிளாஸ்னு பேரு, ஆனா உள்ள ஒருத்தன் பத்தாங்கிளாஸ் கணக்கப் போட்டு முடிச்சுட்டு போரடிக்குதுன்னு டெஸ்க்கத் தட்டிட்டு இருப்பான், இன்னொருத்திக்குக் கடன் வாங்கிக் கழிக்கறதே இன்னும் தடுமாறும், அத மறைக்கறதுக்கு அவ எடுக்கற முயற்சி இருக்கே, அந்த மூளைய கணக்குல போட்டிருந்தா எப்பவோ தேறியிருப்பா. நடுவுக்கு நடத்தினா ரெண்டு பக்கமும் கழண்டுக்கும். ஆளுக்கு ஆள் தனியா சொல்லிக்கொடுத்தா என்ன ஆகும்னு பெஞ்சமின் ப்ளூம்னு ஒரு கல்வி ஆராய்ச்சியாளர் 1984ல எழுதினாரு, தனியா கத்துக்கிட்ட சராசரிப் பிள்ளை, சாதாரண கிளாஸ்ல இருக்கற 98 சதவீதப் பிள்ளைங்கள விட மேல போயிடுச்சுன்னு. அதுக்கப்புறம் வந்த ஆராய்ச்சிகள்ல அவ்ளோ பெரிய வித்தியாசம் வரல, ஆனா தனிக் கவனம் உதவுதுங்கறதுல சந்தேகமே இல்ல. 40 நிமிஷ பீரியட், 40 பிள்ளைங்க, ஆளுக்கு ஒரு நிமிஷம், பாடம் நடத்தாம இருந்தா. இதான் கணக்கு.

இதுக்கு ஈஸியான வழின்னு ஒரு காலத்துல எங்களுக்கெல்லாம் ட்ரெய்னிங் கொடுத்தாங்க, பாத்துக் கத்துக்கறவன், கேட்டுக் கத்துக்கறவன், செஞ்சு கத்துக்கறவன்னு பசங்களப் பிரிச்சு ஆளுக்கேத்த மாதிரி நடத்தணும்னு. நானும் கலர் கலரா சார்ட் போட்டேன். 2008ல பாஷ்லர்னு ஒரு மனவியல் ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் இதுக்கான ஆதாரங்கள எல்லாம் தேடிப் பாத்துட்டு, இப்படிப் பிரிச்சு நடத்தினா நல்லா படிப்பாங்கன்னு காட்டற உருப்படியான ஆதாரம் கிட்டத்தட்ட இல்லவே இல்லன்னு எழுதிட்டாங்க. இன்னும் எத்தனையோ ட்ரெய்னிங்ல அதே ஸ்லைடு ஓடிட்டுதான் இருக்கு. நீங்க சேரும்போதும் வரும், தலையாட்டிட்டு வந்துடுங்க.

சத்தம். இதப் பத்தி யாரும் உங்களுக்கு முன்கூட்டிச் சொல்ல மாட்டாங்க, அதனால நான் சொல்றேன். இந்த வேலைல முதல்ல போறது பொறுமை இல்ல, தொண்டை. 2004ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வுல, வாழ்க்கைல எப்பவாவது குரல் பிரச்சனை வந்ததுன்னு சொன்ன டீச்சருங்க 57.7 சதவீதம், மத்த வேலை செய்யறவங்கள்ல 28.8 சதவீதம். ரெண்டு மடங்கு. காரணம் எளிமையானது, சுத்தி சத்தம் கூடக் கூட நமக்கே தெரியாம குரல உயர்த்துவோம், 1911ல லொம்பார்ட்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் எழுதி வச்சது. பசங்களுக்கும் அதேதான் நடக்கும், அதனால நாம கத்தினா அவங்க அத விட ஒரு படி மேல பேசுவாங்க, நாம இன்னும் ஒரு படி, கடைசில ரெண்டு பக்கமும் ஏன் கத்தறோம்னே தெரியாம கத்திட்டு இருப்போம். ஆள் இல்லாத கிளாஸ்ல சத்தம் 35 டெசிபல தாண்டக்கூடாது, எதிரொலி 0.6 செகண்டுக்குள்ள அடங்கணும்னு அமெரிக்கத் தரநிலை ஒண்ணு சொல்லுது. சிமென்ட் சுவரு, டைல்ஸ் தரை, மேல கடகடன்னு ஃபேன், ஜன்னலுக்கு வெளிய வண்டி, இப்படி இருக்கற ரூம்ல 35 டெசிபல்ங்கறது கனவுதான். கடைசி பெஞ்சுல இருக்கற பிள்ளை பாதி வார்த்தைய யூகத்துலதான் கேக்குது, பாடத்த வேற மொழில படிக்கற பிள்ளையா இருந்தா யூகிக்கவும் முடியாது. அத "கவனிக்கல"ன்னு நாம எழுதிடறோம்.

நான் கத்துக்கிட்டது, சத்தம் வந்தா பேசறத நிறுத்திட்டு இடம் மாறி நிக்கறது. போர்டுகிட்ட நின்னு கத்தறத விட, பேசறவன் பக்கத்துல போய் நின்னு மெதுவா பாடத்தத் தொடர்ந்தா போதும். ஜேக்கப் கூனின்னு ஒருத்தர் கிளாஸ்கள வீடியோ எடுத்து ஆராய்ச்சி பண்ணி 1970ல எழுதினது இதோட ஒத்துப் போகுது. கிளாஸ நல்லா நடத்தற டீச்சரும் திணறற டீச்சரும், தப்பு நடந்ததுக்கு அப்புறம் எப்படிக் கண்டிக்கறாங்கன்னு பாத்தா பெரிய வித்தியாசமே இல்லையாம். வித்தியாசம் எல்லாம் அதுக்கு முன்னாடிதான். யாரு என்ன பண்றான்னு எனக்குத் தெரியும்ங்கறத சின்னச் சின்ன பார்வைலயே காட்டிக்கறது, ஒரு வேலைல இருந்து அடுத்த வேலைக்கு இடைவெளி விடாம போறது, இதுலதான் இருந்துச்சு எல்லாம். பிரம்பெடுத்த காலத்து ஆளுங்க இப்ப "அடிக்க முடியாததாலதான் பசங்க கெட்டுட்டாங்க"ன்னு பேசும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும். அடியில அடங்கினது சத்தம் மட்டும்தான், பயத்துல இருக்கற பிள்ளை தனக்குப் புரியலங்கறத சொல்லவே சொல்லாது, அப்ப நான் முதல்ல சொன்ன பிரச்சனை பத்து மடங்காகும்.

போன் விஷயத்துக்கு வரேன். நிறைய பேர் நினைக்கற மாதிரி கிளாஸ்ல போன நோண்டறது மட்டும் இல்ல சிக்கல், பல இடத்துல கிளாஸுக்குள்ள கொண்டு வரவே விடறதில்ல. 2023ல யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கைல, பள்ளில ஸ்மார்ட்போனுக்குத் தடை போட்ட நாடுகள் 4ல ஒண்ணுக்கும் கம்மின்னு சொன்னாங்க, பிரான்ஸ் 2018லயே சட்டம் போட்டுச்சு, அதுக்கப்புறம் வேற பல நாடுகளும் போட்டுட்டு வருது. கவனம் ஒரு தடவ சிதறினா திரும்பப் பாடத்துக்கு வர 20 நிமிஷம் வரைக்கும் ஆகலாம்னும் அதே அறிக்கை சொல்லுது, 40 நிமிஷ பீரியட்ல அது பாதி. தடை போட்டா நல்லதுதான், நான் அந்தக் கட்சிதான், ஆனா தடை பள்ளிக்கூட கேட்டோட நின்னுடும். ராத்திரி ஒரு மணி வரைக்கும் வீடியோ பாத்துட்டு வந்து, கண்ணத் திறந்துகிட்டே தூங்கற பிள்ளைய எந்தத் தடை எழுப்பும்? முதல் பீரியட் கணக்கு எடுக்கறவங்ககிட்ட கேளுங்க, கதை கதையா சொல்வாங்க. எதிர்ல உக்காந்து உங்களையே பாத்துட்டு இருக்கும், தலையக்கூட ஆட்டும், உள்ள ஆள் இருக்காது.

இப்ப ஏஐ. இதுல நான் செஞ்ச ஒரு தப்பச் சொல்லிடறேன். 2022 நவம்பர் கடைசில சாட்ஜிபிடி வந்துச்சு, அடுத்த வருஷமே எங்க பசங்க கைக்கு வந்துடுச்சு. ப்ராஜெக்ட் ஒண்ணு கொடுத்திருந்தேன், சுமாரா படிக்கற பையன் ஒருத்தன் நாலு பக்கம் பிரமாதமா எழுதிட்டு வந்தான். ஏஐ எழுதினதான்னு கண்டுபிடிக்கற ஒரு வெப்சைட்ல போட்டேன், 80 சதவீதத்துக்கு மேல ஏஐனு சிவப்பா காட்டுச்சு, நானும் எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன். அவன் ஒண்ணும் பேசல. அடுத்த நாள் அவன் பாட்டி ஒரு பழைய நோட்டக் கொண்டு வந்து என் டேபிள்ல வச்சாங்க, அதுல அதே கட்டுரை மூணு தடவ அடிச்சுத் திருத்தி எழுதியிருந்துச்சு, பென்சில்ல. அந்தப் பையன் அந்த வருஷம் முழுக்க என் கிளாஸ்ல கை தூக்கவே இல்ல.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். சாட்ஜிபிடிய செஞ்ச ஓபன்ஏஐ கம்பெனியே 2023 ஜனவரில ஒரு கண்டுபிடிப்புக் கருவிய வெளியிட்டாங்க, அது ஏஐ எழுதினதுல 26 சதவீதத்தத்தான் சரியா பிடிச்சுது, மனுஷன் எழுதினத 9 சதவீதம் ஏஐன்னு தப்பா சொல்லுச்சு, துல்லியம் போதலன்னு அதே வருஷம் ஜூலைல அவங்களே மூடிட்டாங்க. ஸ்டான்ஃபோர்டுல வேற ஒரு ஆய்வு பண்ணாங்க, ஆங்கிலம் தாய்மொழியா இல்லாதவங்க டோஃபெல்ங்கற ஆங்கிலத் திறன் பரிட்சைக்கு எழுதின கட்டுரைகள இந்த மாதிரிக் கருவிகள்ல போட்டா பாதிக்கும் மேல ஏஐன்னு சொல்லுதாம். ஏன்னா ரெண்டாவது மொழில எழுதறவங்க எளிமையான, எல்லாரும் யூகிக்கக் கூடிய வார்த்தைகளத்தான் போடுவாங்க, கருவி தேடறதும் அதத்தான். பாவம், நல்லா முயற்சி பண்ணி எழுதற பிள்ளைதான் மாட்டும்.

அதனால நான் இப்ப போலீஸ் வேலைய விட்டுட்டேன். வீட்ல எழுதிட்டு வர்றதுக்கு மார்க் கிடையாது, அது பழகறதுக்கு. கிளாஸ்ல வந்து உக்காந்து, நீ எழுதினதுல மூணாவது வரிய ஏன் அப்படிப் போட்டன்னு ரெண்டு நிமிஷம் கேப்பேன், சொல்லத் தெரிஞ்சா போதும், யாரு எழுதினாலும் சரி. கேக்க நல்லாருக்கு, ஆனா 40 பேர்கிட்ட ரெண்டு ரெண்டு நிமிஷம்னா 80 நிமிஷம், ரெண்டு பீரியட் காலி. அதனால சுத்துக்கு எட்டுப் பேருன்னு வச்சிருக்கேன், யாரு அந்த எட்டுன்னு முன்னாடியே சொல்றதில்ல. ஏஐ வந்ததால எனக்கு நஷ்டம் காப்பி அடிக்கறது இல்ல, காப்பி எல்லாக் காலத்துலயும் இருந்துச்சு, பக்கத்து வீட்டு அண்ணன் நோட்டுல இருந்து அடிச்சான், கைடுல இருந்து அடிச்சான். அப்பல்லாம் காப்பிலயும் தப்பு இருக்கும், தப்பப் பாத்தா எவன் நோட்டுல இருந்து வந்துச்சு, எங்க புரியலன்னு ஒரு தடயம் கிடைக்கும். இப்ப தப்பே இல்லாம வருது, எனக்குப் பாக்க ஒண்ணுமே இல்ல.

நோட்டு திருத்தறதப் பத்தி வெளிய இருக்கறவங்க ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாக்கணும். ஒரு கிளாஸுக்கு 40 பிள்ளைங்க, எனக்கு அஞ்சு செக்‌ஷன், 200 நோட்டு. நோட்டுக்கு வெறும் 2 நிமிஷம்னா 400 நிமிஷம், 6 மணி 40 நிமிஷம், ஒரே ஒரு தடவ திருத்த. அத பள்ளி நேரத்துல திருத்த முடியாது, ஃப்ரீ பீரியட்ல சப்ஸ்டிட்யூஷன் போட்டுடுவாங்க. அப்ப ராத்திரிதான். இவ்ளோ பண்ணி அதுல என்ன எழுதறோம்? 7/10, கீழ "நன்று". ரூத் பட்லர்னு ஒருத்தர் 1988ல ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு குழு பசங்களுக்கு மார்க் மட்டும், ஒரு குழுவுக்கு எப்படி மாத்தலாம்னு ஒரு குறிப்பு மட்டும், இன்னொரு குழுவுக்கு ரெண்டும். குறிப்பு மட்டும் வாங்கினவங்கதான் அடுத்த தடவ முன்னேறினாங்க, ரெண்டும் வாங்கினவங்க மார்க் மட்டும் வாங்கினவங்க மாதிரியே நின்னுட்டாங்க. மார்க்கப் பாத்ததும் கண்ணு குறிப்புக்குப் போகவே இல்ல, பக்கத்துல இருக்கறவன் மார்க்குக்குப் போயிடுச்சு. இதப் படிச்ச அன்னிக்கு அத்தனை வருஷம் ராத்திரி உக்காந்து மார்க்குக்குப் பக்கத்துல சிவப்பு மையில எழுதினதெல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு. இப்ப மார்க் போடாம குறிப்பு மட்டும் எழுதிக் கொடுத்துப் பாக்கறேன், ஆனா பேரன்ட்ஸ் குரூப்ல உடனே "மிஸ் மார்க் போடல, திருத்தவே இல்ல போல"ன்னு மெசேஜ் வந்துடுது.

அந்தக் குரூப். ராத்திரி பத்தே முக்காலுக்கு "மிஸ் நாளைக்கு என்ன ஹோம்வொர்க்", அதுக்கு முப்பது பேர் கும்பிடு எமோஜி. இதுக்கு மேல இதப் பத்திச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, ம்யூட் பண்ணக் கத்துக்கோங்க, முதல் நாளே இத்தன மணிக்கு மேல பதில் வராதுன்னு மரியாதையா போட்டுடுங்க. ஆனா ஒண்ணு, பேரன்ட்ஸ எதிரியா பாக்க ஆரம்பிச்சீங்கன்னா தொலைஞ்சீங்க. பிள்ளை வீட்ல எப்படி இருக்குன்னு அவங்களுக்கு மட்டும்தான் தெரியும். புகார் சொல்றதுக்கு மட்டும் கூப்பிடாம, நல்லது ஒண்ணு நடந்தா அதுக்கும் ஒரு போன் போடுங்க, "ஐயோ என்ன பண்ணிட்டான்"னுதான் முதல்ல எடுப்பாங்க, விஷயத்தக் கேட்டுட்டு எதிர்முனைல வர்ற அமைதி இருக்கே, அதுக்கப்புறம் அந்த வீட்டோட சண்டையே வராது.

ரெக்கார்டு, ஆப், டேட்டா என்ட்ரி. அட்டெண்டன்ஸ் ஒரு ஆப்ல, மார்க் இன்னொரு ஆப்ல, அதே மார்க் மறுபடி ஒரு எக்செல்ல, அதே எக்செல் பிரிண்ட் எடுத்து ஃபைல்ல. நெட் இல்லைன்னா முதல் பத்து நிமிஷம் போச்சு. ஸ்மார்ட் போர்டு வந்தப்ப பெருசா திறப்பு விழா எல்லாம் நடந்துச்சு, இப்ப ரிமோட் யாருகிட்ட இருக்குன்னு தேடறதே ஒரு பாடம். நான் டெக்னாலஜிக்கு எதிரி இல்ல, ஒரு முக்கோணத்தோட முனைய இழுத்து, எப்படி இழுத்தாலும் மூணு கோணமும் சேர்ந்து 180 டிகிரியாவே நிக்குதுன்னு ஸ்க்ரீன்ல காட்டினப்ப பசங்க வாயப் பொளந்தத பாத்திருக்கேன், சாக்பீஸால அத செய்யவே முடியாது. ஆனா எந்தக் கருவி வந்தாலும் அது என் கண்ண பசங்க பக்கம் திருப்புதா, இல்ல அதோட பக்கமே இழுத்துக்குதான்னு மட்டும் பாப்பேன். பாதி கருவிங்க ரெண்டாவது ரகம்.

மனசு விஷயம் ஒண்ணு இருக்கு, கொஞ்சம் தயங்கித்தான் எழுதறேன். ஃபிலிப் ஜாக்சன்னு ஒரு கல்வி ஆராய்ச்சியாளர் 1968ல எழுதினாரு, ஒரு டீச்சர் ஒரு நாள்ல 1000 தடவ வரைக்கும் பிள்ளைங்களோட கொடுக்கல் வாங்கல் நடத்தறாங்கன்னு. பேசறது, பாக்கறது, அனுமதி கொடுக்கறது, மறுக்கறது, எல்லாம் சேர்த்து. அந்த ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு கனமா இருக்கும். வீட்ல அப்பா அம்மா சண்டைன்னு சொல்லிட்டு அழற பிள்ளை, சாப்பிடாம வர்ற பிள்ளை, கையில கீறல மறைக்க முழுக்கை சட்டை போட்டுட்டு வர்ற பிள்ளை. அதக் கேட்டுட்டு அடுத்த நிமிஷமே பெல் அடிக்கும், பக்கத்து கிளாஸ்ல போய் சிரிச்ச முகமா இயற்கணிதம் எடுக்கணும். நாம டாக்டரும் இல்ல, கவுன்சிலரும் இல்ல, ஆனா முதல்ல கண்ணுல படறது நமக்குத்தான். தனியா தீர்த்து வைக்கணும்னு நினைக்காதீங்க, கேட்டத ஹெச்.எம்கிட்டயும் கவுன்சிலர் இருந்தா அவங்ககிட்டயும் அன்னிக்கே கொண்டு போங்க, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு பிள்ளைக்குச் சத்தியம் மட்டும் பண்ணிடாதீங்க. நான் ஒரு தடவ பண்ணிட்டு ரெண்டு நாள் தூங்கல, அப்புறம் சொல்லித்தான் ஆக வேண்டி வந்துச்சு.

அதனாலதான் நிறைய பேர் விட்டுட்டுப் போறாங்க. உலக அளவுல தொடக்கப் பள்ளி டீச்சர் வேலைய விட்டுப் போறவங்க 2015ல 4.6 சதவீதம், 2022ல 9 சதவீதம்னு யுனெஸ்கோ கணக்கு, 2030க்குள்ள இன்னும் 4.4 கோடி டீச்சருங்க தேவைன்னும் சொல்றாங்க. போறவங்களோட கிளாஸ் காத்துல போகாது, இருக்கறவங்க தலைலதான் விழும், 40 பேரு 55 ஆவாங்க, அப்ப இன்னும் ரெண்டு பேர் போவாங்க.

வீட்ல பயமுறுத்தறாங்கன்னு கேட்டீங்க, நான் அத விட அதிகமா பயமுறுத்திட்டேன் போல. நான் ஏன் போகலன்னு கேட்டா, என் கையில சில சின்ன வித்தைங்க சிக்கிச்சு, அதால தலைக்குள்ள என்ன ஓடுதுங்கறது கொஞ்சம் தெரிய ஆரம்பிச்சுது. ஒண்ணு, ஆளுக்கு ஒரு சின்ன ஒயிட் போர்டு, இல்லைன்னா பிளாஸ்டிக் கவர்ல வெள்ளைத் தாள சொருகினா அதுவே போர்டு. கேள்வி கேட்டு, எல்லாரும் எழுதி, ஒண்ணு ரெண்டு மூணுன்னு சொன்னதும் ஒரே நேரத்துல தூக்கணும். 40 பதில் அஞ்சு செகண்ட்ல கண்ணு முன்னாடி, 2/5னு எழுதினவங்க பதினோரு பேருன்னு அங்கயே தெரிஞ்சுடும், கோரஸ் கிடையாது, பக்கத்துல பாத்து எழுத நேரமும் கிடையாது. இன்னொண்ணு, பாடம் ஆரம்பிக்கும்போது போன வாரப் பாடத்துல இருந்து மூணு கேள்வி, மார்க் இல்லாம. ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு மனவியல் ஆராய்ச்சியாளருங்க 2006ல காட்டினாங்க, ஒரு பகுதிய திரும்பத் திரும்பப் படிச்சவங்களுக்கு அஞ்சு நிமிஷத்துல கேட்டா நல்லா ஞாபகம் இருக்கு, ஆனா ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா 42 சதவீதம்தான், ஒரு தடவ படிச்சுட்டு பாக்காம எழுதிப் பாத்தவங்களுக்கு 56. அதனால நான் எப்பவுமே இன்னிக்குக் கேக்கறத நம்பறதில்ல, அடுத்த வாரம் கேக்கறதத்தான் நம்பறேன். மூணாவது, தப்பான விடைய நானே போர்டுல எழுதி, இதப் போட்டவன் முட்டாள் இல்ல, அவன் என்ன யோசிச்சிருப்பான் சொல்லுங்கன்னு கேக்கறது. யாரோட தப்புன்னு பேர் வராது, போட்டவனே எழுந்து விளக்குவான்.

சேரலாமா வேண்டாமான்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா சேர்றதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணிப் பாருங்க. தெரிஞ்ச டீச்சர் யார்கிட்டயாவது கேட்டு, பள்ளிலயும் சொல்லி அனுமதி வாங்கி, ஒரு பீரியட் கடைசி பெஞ்சுல போய் உக்காருங்க. டீச்சரப் பாக்காதீங்க. மூணு பிள்ளைங்கள மட்டும் தேர்ந்தெடுத்து, நோட்டுல என்ன எழுதறாங்க, எப்ப பேனா நிக்குது, எப்ப பக்கத்துல எட்டிப் பாக்கறாங்க, கேள்வி வரும்போது யாரு குனிஞ்சுக்கறாங்கன்னு குறிச்சுக்கிட்டே வாங்க. பெல் அடிக்கும்போது "அதுக்குள்ள முடிஞ்சுடுச்சா, அந்த மூணாவது பிள்ளை எங்க விட்டுச்சுன்னு இன்னும் பிடிபடலையே"ன்னு தோணுச்சுன்னா சேருங்க. இருபதாவது நிமிஷமே மணியப் பாத்தீங்கன்னா வேற வேலை தேடுங்க, அதுல ஒண்ணும் கேவலம் இல்ல.